மறுபடி: ஓர் அடைவு நிலையத்தின் வட்டிக் கணக்கும் இரண்டு தாவல்களும்

2023 யூலை 18, செவ்வாய்க்கிழமை. காலை பத்தேகாலுக்கு அழைப்பு வந்தது.

“தம்பி, கொம்பியூட்டர் இறுகிப்போய் நிக்குது. ஒரு சீட்டு நம்பரை அடிச்சால் மட்டுந்தான். மற்றச் சீட்டெல்லாம் ஓடுது.”

பேசியவர் யாழ் நகரில் ஓர் அடைவு நிலையத்தின், அதாவது நகை அடகு பிடிக்கும் கடையின், முதலாளி. சீட்டு என்பது ஒவ்வொரு அடகுக்கும் கொடுக்கும் பற்றுச்சீட்டு. நிலையத்தின் பெயர் இங்கே வேண்டாம். அவருடைய குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. ஐந்து கிழமைக்கு முன்னர் அந்த நிரலில் கடைசியாகக் கை வைத்தவன் நான்.

நிரலை ஒரு வரியிலிருந்து இன்னொரு வரிக்கு நேரே தாவ வைக்கும் கோட்டூ என்ற தாவல் கூற்றுக் கூடாது என்பதை நிரல் எழுதப் பழகிய யாரும் முதல் வருடத்திலேயே கேட்டிருப்பார்கள். நானும் கேட்டிருக்கிறேன், பிறருக்குச் சொல்லியும் இருக்கிறேன். அப்படியிருந்தும் அந்தச் செவ்வாய்க்கிழமை திரை வெள்ளையாகி நின்றதற்குக் காரணம் நான் எழுதிய ஒரு கோட்டூ. அதைத் தோண்டப் போய், எனக்கு முன்னர் இன்னொருவர் எழுதிய கோட்டூ ஒரு வருடத்துக்கு மேலாகச் சத்தமில்லாமல் ஆட்களிடம் கூடுதல் காசு வாங்கியிருப்பதையும் கண்டோம்.

நிரலும் அதன் வயதும்

நிரல் 2010இல் விசுவல் பேசிக் 6இல் எழுதப்பட்டது. தரவு மைக்ரோசொஃப்ட் அக்செஸ் தரவுத்தளத்தில் இருக்கிறது. விசுவல் பேசிக் 6 வெளிவந்தது 1998இல். அதில் நிரல் எழுதும் சூழலுக்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2008 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டது. ஆக, எங்கள் நிரல் பிறக்கும்போதே அநாதை. ஆனாலும் அதில் எழுதியவை புதிய விண்டோசிலும் ஓடுகின்றன. ஓடுகிற வண்டியை யாரும் கழற்றுவதில்லை.

எழுதியவர் கெட்டிக்காரர். இப்போது கனடாவில் இருக்கிறார். அங்கு போன பிறகும், தூரத்துக் கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க் வழியாக இராத்திரியில் விழித்திருந்து திருத்திக் கொடுத்துக்கொண்டிருந்தார். 2023 தொடக்கத்தில் “இனி ஏலாது” என்று சொல்லி என்னிடம் கையளித்தார்.

அடைவு என்னவென்று யாழ்ப்பாணத்தவருக்கு விளக்க வேண்டியதில்லை. வெங்காயம் நடக் காசு வேண்டும், வள்ளத்து எஞ்சின் பழுதாகிவிட்டது, பிள்ளையை வெளிநாடு அனுப்ப வேண்டும் என்றால் சங்கிலி போகும். கலியாணமோ நல்லூர்த் திருவிழாவோ வந்தால் மீட்கப்படும். சிலர் ஒரேயடியாக மீட்பார்கள். சிலர் மாதாமாதம் வந்து வட்டியோடு முதலிலும் கொஞ்சம் கட்டுவார்கள். இந்த இரண்டாவது கூட்டம் சிறியது. கதை முழுவதும் அந்தச் சிறிய கூட்டத்தைப் பற்றியது.

வட்டி நாள் கணக்கு. பகுதியாகக் காசு கட்டினால் அன்றோடு ஒரு துண்டு முடிந்து, குறைந்த மீதிக்கு அடுத்த துண்டு தொடங்கும். வீதம் பல வருடமாக ஆண்டுக்கு 15 சதவீதமாகவே இருந்ததால், நிரலில் வீதம் ஒற்றை மாறி, ஒரு நேரத்தில் ஒரு எண்ணை மட்டும் வைத்திருக்கும் பெட்டி. 2022 ஏப்ரல் 8ஆம் திகதி இலங்கை மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. நாட்டில் வட்டி என்ற சொல் தொட்ட எல்லாம் அசைந்தது. எங்கள் முதலாளியும் மே 4ஆம் திகதியிலிருந்து வீதத்தை 24 ஆக்கினார். பழைய சீட்டுகளுக்கு மே 4 வரை பழைய வீதம், அதன்பிறகு புதியது. நியாயமான விதி. அதைப் பன்னிரண்டு வருடப் பழைய நிரலுக்குள் நுழைக்க வேண்டியிருந்தது.

வட்டி கணிக்கும் சார்பு, அதாவது அந்த ஒரு வேலைக்கான நிரற் பகுதி, மட்டும் 310 வரி. அதில் 9 லேபல்கள் (தாவிப் போய்ச் சேரும் இடங்களின் பெயர்கள்), 14 கோட்டூக்கள். லேபல்களின் பெயர்கள் எக்ஸ்1, எக்ஸ்2, மறுபடி, கடைசி என்று போகும். வழக்குக்கு வேண்டிய பகுதியை வாசிப்பதற்காகத் தமிழில் தருகிறேன். கட்டமைப்பு அப்படியே இருக்கிறது. 2022இல் சேர்க்கப்பட்டது மறுபடி என்ற லேபலும், எனில் என்று முடியும் வரியும், அதன் கீழுள்ள இரண்டும்.

ஒவ்வொரு கொடுப்பனவுக்கும்
    நாள் = கொடுத்ததிகதி − முன்திகதி
மறுபடி:
    வட்டி = மீதி × வீதம் × நாள் ÷ 36500
    மொத்தவட்டி = மொத்தவட்டி + வட்டி
    கொடுத்ததிகதி ≥ 2022 மே 4, வீதம் ≠ 24 எனில்
        வீதம் = 24
        போ மறுபடி
    மீதி = மீதி − முதலிற் கட்டியது
    முன்திகதி = கொடுத்ததிகதி
அடுத்த கொடுப்பனவு

கடைசிக் கொடுப்பனவிலிருந்து இன்றுவரையான துண்டு, ஒவ்வொரு கொடுப்பனவுக்கும் திரும்பத் திரும்ப ஓடும் இந்த லூப்புக்கு வெளியே, கீழே தனியாகக் கணிக்கப்படும். அந்த இடத்தில் கனடாவில் இருப்பவர் மே 4ஐ வைத்து துண்டை இரண்டாகப் பிரித்துச் சரியாகவே எழுதியிருந்தார். லூப்புக்குள் மட்டும் தாவல்.

நான் செய்தது

2023 யூன் 1ஆம் திகதி மத்திய வங்கி வீதங்களை 2.5 புள்ளிகளால் குறைத்தது. முதலாளி யூன் 12இலிருந்து 20 சதவீதம் என்று சொன்னார். “சின்ன வேலைதானே தம்பி?” என்றும் கேட்டார். ஓம் என்று சொன்னேன். கீழ்த்துண்டைப் பிரித்தேன். லூப்புக்குள் ஏற்கெனவே இருந்த மூன்று வரியைப் பிரதி எடுத்து, திகதியையும் வீதத்தையும் மாற்றி, அதன் கீழேயே ஒட்டினேன்:

    கொடுத்ததிகதி ≥ 2023 யூன் 12, வீதம் ≠ 20 எனில்
        வீதம் = 20
        போ மறுபடி

பத்து நிமிடம் சென்றிருக்கும். ஐந்தாறு சீட்டை அடித்துப் பார்த்தேன், எல்லாம் சரியாக வந்தன. வராமல் என்ன? யூன் 12க்குப் பிறகு பகுதியாகக் காசு கட்டிய சீட்டு எதுவும் அன்றைக்கு உலகத்தில் இல்லை. அப்படிக் கட்டியவர் அடுத்த மாதம் திரும்பி வரும்போதுதான் அந்தக் கொடுப்பனவு லூப்புக்குள் நுழையும். ஐந்து கிழமை நிரல் ஒழுங்காக ஓடியதன் இரகசியம் அவ்வளவுதான்.

யூலை 18 அன்று போய்ச் சேர்ந்தபோது, கொம்பியூட்டர் திருத்துகிற பெடியன் ஒருவன் பெட்டியைத் திறந்து, நினைவகத்தைக் கழற்றித் துடைத்துப் பூட்டி முடித்திருந்தான். வெளியில் ஆட்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். நிரலை எழுதும் சூழலில் திறந்து, அந்தச் சீட்டை அடித்து, இறுகியதும் கொன்ட்ரோலையும் பிறேக்கையும் சேர்த்து அழுத்தி நிறுத்தினேன். வீதம் 24. இன்னொரு வரி நகர்த்தினால் 20. இன்னும் நகர்த்தினால் 24. முதல் நிபந்தனை “24 இல்லையே” என்று 24 ஆக்கி மேலே அனுப்புகிறது. இரண்டாவது “20 இல்லையே” என்று 20 ஆக்கி மேலே அனுப்புகிறது. இரண்டும் ஒன்றை ஒன்று திருத்திக்கொண்டே இருக்கின்றன. கீழே கண்காணிப்புச் சாளரத்தில் மொத்தவட்டி ஏறிக்கொண்டே போனது. அந்த அப்பாவிச் சீட்டுக்கு அதற்குள் பல கோடி ரூபா வட்டி.

திருத்துவது சுலபம். முதல் நிபந்தனைக்குத் திகதி எல்லை ஒன்று போட்டால் போதும். போடத்தான் போனேன். பக்கத்தில் என்னோடு வேலை பழகுகிற தம்பி இருந்தான். உயர்தரத்தில் பைதன் படித்தவன். பைதனில் கோட்டூ இல்லாததால் இந்த லேபல் என்ற பிராணியை அவன் முதன்முதலாகப் பார்க்கிறான். பழக்கப்படாத கண் என்பதால் நான் காணாததைக் கண்டான்.

“அண்ணை, மறுபடிக்கு ரெண்டாந்தரம் வரேக்கை, முதல் கூட்டின வட்டி மொத்தத்திலை அப்பிடியே கிடக்குமே? அதைக் கழிக்கிறது எங்கை?”

எங்கேயும் இல்லை.

குருநகர் அக்காவின் கொப்பி

கவுண்டரில் நிற்கிற பிள்ளையிடம், போன வருடம் மே, யூன் மாதங்களில் யாராவது வட்டி பிழை என்று சொன்னார்களா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஒராள் சொன்னவ அண்ணா. குருநகர் அக்கா. கொப்பியோடை வந்து நிண்டவ. வட்டி கூடினதாலைதான் எண்டு நான்தான் சொல்லி அனுப்பினனான்” என்றாள். சொல்லும்போது முகம் வாடியது. அவள் பிழை ஒன்றுமில்லை, திரையில் வந்ததைச் சொன்னாள்.

இரண்டு நாளில் அந்த அக்கா கொப்பியோடு வந்தார். நாற்பது பக்கக் கொப்பி, அட்டைக்குப் பத்திரிகை உறை. கணவர் கடலுக்குப் போகிறவர். காசு வருகிறபோது கட்டுவதும் எழுதி வைப்பதும் அவர் பொறுப்பு. 2022 சனவரியில் ஒரு லட்சத்துக்கு வைத்த சங்கிலி. ஏப்ரல் 19 அன்று மீதி 80,000. மே 19 அன்று வட்டி மட்டும் 1,282 ரூபா 19 சதம். யூன் 21 வரியில் “முன்நிலுவை 1282.19” என்று எழுதி, சிவப்புப் பேனையால் மூன்று கேள்விக்குறி.

அந்தத் துண்டை மட்டும் கையால் கணித்தோம். ஏப்ரல் 19இலிருந்து மே 19 வரை 30 நாள். மே 4 சரியாக நடுவில் விழுகிறது. முதல் 15 நாளுக்கு 15 சதவீதப்படி 493.15. அடுத்த 15 நாளுக்கு 24 சதவீதப்படி 789.04. கூட்டினால் 1,282.19. மே மாதத்தில் கேட்டது சரியான வட்டி. அப்போது அது லூப்புக்கு வெளியே இருந்த கடைசித் துண்டு, அங்கே நிரல் சரியாகப் பிரித்தது. யூன் மாதம் அவர் திரும்பி வந்தபோது அதே துண்டு லூப்புக்குள் வந்துவிட்டது. லூப் அதை 30 நாளும் 15 சதவீதமென்று ஒருதரம் கணித்து 986.30ஐக் கூட்டியது. பிறகு மறுபடிக்குத் தாவி, 30 நாளும் 24 சதவீதமென்று இன்னொருதரம் கணித்து 1,578.08ஐயும் கூட்டியது. மொத்தம் 2,564.38. ஏற்கெனவே கட்டியதைக் கழித்தால் மிச்சம் 1,282.19. அதற்கு நிரல் வைத்த பெயர் முன்நிலுவை.

“நான் அண்டைக்கே சொன்னனான் தம்பி. ஒரு மாதத்து வட்டியை ரெண்டு தரம் எடுக்கினம் எண்டு. ஒருத்தரும் கேக்கேல்லை.”

மற்றவர்கள் ஏன் கேட்கவில்லை என்று யோசித்தால் மறுமொழி கடினமில்லை. அது 2022 மே, யூன். மண்ணெண்ணெய்க்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை, நேற்று வாங்கிய விலைக்கு இன்று ஒன்றும் இல்லை. வட்டிச் சீட்டில் ஆயிரம் ரூபா கூடி நின்றால் அதுவும் ஒன்று என்று கட்டிவிட்டுப் போனார்கள். ஒரு வழு ஒளிந்துகொள்ள அதைவிட நல்ல காலம் கிடைத்திருக்காது. எல்லாம் ஒழுங்காக இருந்த ஒரு வருடத்தில் அந்த ஒட்டுப் போடப்பட்டிருந்தால் முதல் கிழமையிலேயே சண்டை வந்திருக்கும்.

லேபலில் எது உண்மை

கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1968 மார்ச்சில் அமெரிக்கக் கணினிச் சங்கத்தின் இதழில் எழுதிய சிறிய கடிதம்தான் கோட்டூவுக்கு எதிரான வாதத்தைப் பிரபலமாக்கியது. கோட்டூ தீங்கானது என்ற அதன் தலைப்பு அவர் வைத்ததல்ல. அப்போது இதழில் ஆசிரியராக இருந்த நிக்லாஸ் விர்த் மாற்றியது. தலைப்பு அளவுக்குக் கடிதத்தின் உள்ளடக்கம் வாசிக்கப்படுவதில்லை என்பது என் அபிப்பிராயம். அவர் கேட்பது, ஓடிக்கொண்டிருக்கும் நிரலை ஒரு கணத்தில் நிறுத்தினால் அது எங்கே நிற்கிறது என்று எப்படிச் சொல்வது என்பதை. வரிசையாக ஓடும் நிரல் என்றால் வரியைக் காட்டினால் போதும். லூப் இருந்தால் வரியும், எத்தனையாவது சுற்று என்பதும். சார்பு அழைப்பு இருந்தால் எங்கிருந்து அழைத்தது என்பதும். இவையெல்லாம் எழுத்தில் இருந்தே வாசிக்கக் கூடியவை. எங்கிருந்தும் எங்கேயும் தாவலாம் என்று வந்துவிட்டால் அந்த முகவரி குலைந்துவிடுகிறது.

எங்கள் வழக்கில் இது எப்படிப் பொருந்துகிறது என்று பார்க்க, நானும் தம்பியும் ஸ்ரான்லி வீதியில் உள்ள எங்கள் அறையில் ஒரு பிறிஸ்டல் போர்ட்டை நிலத்தில் விரித்து, அந்த 310 வரிக்கும் பாய்ச்சற் கோட்டுப்படம் வரைந்தோம். சாதாரண தரத்துக்குப் பிறகு நான் அதை வரைந்ததில்லை. தாவல்களுக்குச் சிவப்புப் பேனை. ஒவ்வொரு லேபலுக்கும் பக்கத்தில் “இங்கே வந்து சேரும்போது எது உண்மை?” என்று எழுத முயன்றோம். மறுபடி என்ற லேபலுக்கு எழுத முடியவில்லை. மேலிருந்து இறங்கி வந்தால் “இந்தத் துண்டின் வட்டி இன்னும் மொத்தத்தில் சேரவில்லை” என்பது உண்மை. கீழிருந்து தாவி வந்தால் “சேர்ந்துவிட்டது” என்பது உண்மை. ஒரே வரிக்கு இரண்டு உண்மை, ஒன்றுக்கொன்று எதிர். அதன் கீழுள்ள கூட்டல் வரி இவற்றில் ஒன்றுக்குத்தான் சரியாக இருக்க முடியும்.

கோட்டூ அசிங்கம், பார்க்க ஒழுங்கில்லை என்ற வகையான கண்டனங்களில் எனக்கு ஈடுபாடு இல்லை. அசிங்கமான நிரல் சரியாக ஓடினால் ஓடட்டும். இங்கே நடந்தது வேறு. 2022இல் ஒட்டுப் போட்டவருக்கு அந்த லேபலின் இரண்டு உண்மைகளும் மனதில் இருந்திருக்கலாம். 2023இல் பிரதி எடுத்த எனக்கு இல்லை. நிரலின் எழுத்திலும் அது எங்கேயும் இல்லை. மூன்று வரியைப் பார்த்தேன், விளங்கியது போல இருந்தது, ஒட்டினேன்.

கழற்றிப் பூட்டியது

முதலில் நிரலைத் தொடவில்லை. அறுபது சீட்டுகளைத் தேர்ந்தெடுத்து, பழைய சார்பு எதைச் சொல்கிறதோ அதை அப்படியே எக்செலில் பதிந்தோம். பிழையையும் சேர்த்துத்தான். புதிதாக எழுதுவது எந்தச் சீட்டில் வேறு விடை தருகிறதோ, அந்த வித்தியாசத்துக்கு நாங்கள் காரணம் சொல்லக் கூடியதாக இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். பகுதிக் கொடுப்பனவு இல்லாத சீட்டுகள் சதம் பிசகாமல் ஒத்துப்போக வேண்டும்.

பிறகு தாவல்களை இனம் பிரித்தோம். பதினான்கில் ஆறு, சில வரிகளைத் தாண்டிக் கீழே போவதற்காக மட்டும் போட்டவை. நிபந்தனையைத் திருப்பிப்போட்டு அந்த வரிகளை ஒரு எனில்-பகுதிக்குள் வைத்தால் லேபல் தேவையில்லை. அரை மணித்தியாலத்தில் முடிந்தது. இன்னும் மூன்று, லூப்பின் இந்தச் சுற்றை விட்டு அடுத்ததற்குப் போவதற்கானவை. விசுவல் பேசிக் 6இல் அதற்கென்று ஒரு கூற்று இல்லாததால் அந்தக் காலத்தில் எல்லாரும் இப்படித்தான் எழுதினார்கள், எழுதியவரைக் குறை சொல்ல மாட்டேன். லூப்பின் உடலை எடுத்து ஒரு தனிச் சார்பாக்கி, வேண்டாத இடத்தில் அதிலிருந்து வெளியேறும்படி செய்தோம்.

பின்னோக்கித் தாவுவது இரண்டு மட்டுமே. இரண்டும் மறுபடிக்கு. ஒன்று அவருடையது, ஒன்று என்னுடையது. இவற்றை வெறுமனே ஒரு லூப்பாக மாற்றினால் போதாது. கொராடோ போமும் ஜுசெப்பே ஜாக்கோபினியும் 1966இலேயே காட்டினார்கள், தொடர், தெரிவு, மீள்செயல் மூன்றும் இருந்தால் எந்தப் பாய்ச்சற் கோட்டுப்படத்தையும் எழுதிவிடலாமென்று. அதன்படி இயந்திரம்போல மாற்றியிருந்தால் கோட்டூ போயிருக்கும், இரட்டைக் கணக்கு அப்படியே இருந்திருக்கும். தாவல் எதற்காக வந்தது என்று கேட்க வேண்டும். ஒரு துண்டுக்குள் வீதம் மாறலாம் என்ற விஷயத்துக்கு நிரலில் இடமே இருக்கவில்லை, அதனால் வந்தது. அந்த இடத்தைக் கொடுத்தோம். வீதங்களுக்கு ஓர் அட்டவணை: தொடக்கத் திகதி, முடிவுத் திகதி, வீதம். அதை வாசிக்க ஒரு சிறு சார்பு:

துண்டுவட்டி (மீதி, இருந்து, வரை)
    கூட்டு = 0
    வீத அட்டவணையின் ஒவ்வொரு வரிக்கும்
        தொடங்கு = இருந்து, வரியின் தொடக்கம்: இவற்றில் பிந்தியது
        முடி = வரை, வரியின் முடிவு: இவற்றில் முந்தியது
        முடி > தொடங்கு எனில்
            கூட்டு = கூட்டு + மீதி × வரியின் வீதம் × (முடி − தொடங்கு) ÷ 36500
    விடை = கூட்டு

லூப்புக்குள் இருந்த துண்டுக்கும் வெளியே இருந்த கடைசித் துண்டுக்கும் இப்போது இதே சார்புதான். முன்னர் அதே கணக்கு இரண்டு இடத்தில் இரண்டு விதமாக எழுதப்பட்டிருந்தது. மே மாதம் சரியாகவும் யூன் மாதம் பிழையாகவும் வந்தது அதனால்தான்.

அறுபது சீட்டை ஓட்டினோம். சிலவற்றில் ஒரு சதம் வித்தியாசம். விசுவல் பேசிக்கின் முழுமையாக்கும் சார்பு, சரி பாதியாக நின்றால் எப்போதும் மேலே ஏற்றாது, கிட்டிய இரட்டை எண்ணுக்குப் போகும். பழையது ஒவ்வொரு துண்டிலும் முழுமையாக்கியது, புதியது கடைசியில் ஒருமுறை. இதைக் கண்டுபிடிக்க ஒரு பின்னேரம் முழுவதும் போனது, ஒரு சதத்துக்காக. மற்ற வித்தியாசங்கள் எல்லாம் மே 4ஐக் கடந்த துண்டுகள், ஒன்றைத் தவிர. அந்த ஒன்றில் ஒரு கொடுப்பனவின் திகதி வெறுமையாக இருந்தது. சார்பின் தலையில் “பிழை வந்தால் அடுத்த வரிக்குப் போ” என்று ஒரு கட்டளை. வெறுமையைத் திகதி மாறியில் இடமுடியாமல் பிழை எழும், கட்டளைப்படி அந்த வரி கைவிடப்படும், மாறியில் முந்திய கொடுப்பனவின் திகதியே நிற்கும். கண்ணுக்குத் தெரியாத தாவல் இது. என்னைக் கேட்டால் பதினான்கு கோட்டூவையும்விட ஆபத்தானது இந்த ஒற்றை வரிதான், ஏனென்றால் இதன் கீழே எந்த வரியிலிருந்தும் அடுத்த வரிக்குத் தாவல் நடக்கலாம், நடந்ததென்று யாரும் அறிய மாட்டார்கள்.

விட்டுவைத்தவை

மிச்சம் மூன்று தாவல்கள் கடைசி என்ற லேபலுக்குப் போகிறவை. அங்கே தரவுத்தளத் தொடர்பு மூடப்படும், பிழை வந்திருந்தால் செய்தி காட்டப்படும். தம்பி அவற்றையும் எடுக்கச் சொன்னான். “கோட்டூ எண்டாலே கூடாது எண்டு நீங்கள்தானே சொன்னீங்கள்?”

எடுக்கவில்லை. விசுவல் பேசிக் 6இல் பிழையைக் கையாள லேபலுக்குத் தாவுவதைத் தவிர முறையான வேறு வழி இல்லை. இந்த மூன்றும் கீழ்நோக்கி மட்டும் போகின்றன, ஒரே இடத்துக்கு. அந்த லேபலில் எது உண்மை என்று ஒரு வரியில் எழுதலாம்: வேலை முடிந்தது அல்லது கைவிடப்பட்டது, தொடர்பை மூடு. லினக்ஸ் இயங்குதளக் கருவின் எழுத்துநடை விதிகளும் சார்பின் முடிவில் வளங்களை விடுவிப்பதற்கு இதே வகையான கோட்டூவை ஏற்றுக்கொள்கின்றன. வாகன மென்பொருளில் பிறந்த மிஸ்ரா சி விதிகளின் 2012 பதிப்பு, கோட்டூவைத் தவிர்க்கும்படி ஆலோசனையாகச் சொல்கிறது. பயன்படுத்தினால் அதே சார்பில் கீழே உள்ள லேபலுக்கு மட்டுமே போகவேண்டும் என்பதையோ கட்டாயமாக வைத்திருக்கிறது. கணினி அறிஞர் டொனால்ட் க்னூத் 1974இல் எழுதிய நீண்ட கட்டுரையும் எங்கே வைக்கலாம், எங்கே எடுக்கலாம் என்று இரண்டு பக்கமும் நின்று பார்த்தது.

கோட்டூ என்ற சொல்லை மட்டும் வேட்டையாடுவதில் பயனில்லை என்பதற்கு ஒரு சம்பவம் சொன்னேன். 1990 சனவரி 15 அன்று அமெரிக்காவில் ஏரீ அன்ட் ரீ தொலைபேசி வலையமைப்பு ஏறத்தாழ 9 மணித்தியாலம் தடுமாறியது. சி மொழியில் பல தெரிவுகளில் ஒன்றுக்குப் போகும் ஒரு சுவிட்ச் பகுதிக்குள் ஓர் எனில், அதற்குள் வெளியேறச் சொல்லும் பிறேக் என்ற கூற்று. எழுதியவர் எனில் பகுதியை விட்டு வெளியேறும் என்று நினைத்திருந்தார், அது சுவிட்சையே விட்டு வெளியேறியது. அங்கே கோட்டூ இல்லை, நாகரிகமான தாவல்தான். 2014 பெப்ரவரியில் அப்பிள் அவசரமாகத் திருத்திய பாதுகாப்பு வழுவில், தோல்விக்குத் தாவும் கோட்டூ வரி ஒன்று தவறுதலாக இரண்டு முறை இருந்தது. இரண்டாவது வரி நிபந்தனைக்கு வெளியே விழுந்ததால் சான்றுச் சோதனையின் மீதி ஓடவேயில்லை. அதைக் கோட்டூவின் குற்றமென்று பலர் சொன்னார்கள். அந்த இடத்தில் கோட்டூவுக்குப் பதிலாக ‘திரும்பு’ என்ற கூற்று இரட்டித்திருந்தாலும் அதே விளைவுதான். அடைப்புக்குறி போடும் பழக்கம் இருந்திருந்தால் தப்பியிருக்கும்.

தம்பி முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. கடைசி என்ற பெயரையாவது மாற்ற வேண்டும் என்றான். தொடர்பைமூடு என்று மாற்றினோம்.

காசும் பிறகும்

புதிய சார்பை எல்லாச் சீட்டிலும் ஓட்டியபோது, கூடுதலாக வாங்கப்பட்ட சீட்டுகள் 36 என்று வந்தது. திகதி வெறுமையான சீட்டு இதற்குள் இல்லை. அதில் நிலையத்துக்குத்தான் சிறு நட்டம். முதலாளியிடம் பட்டியலைக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு மேலிருந்து கீழ்வரை வாசித்தார். “ஆக்களைக் கூப்பிட்டுக் குடுப்பம்” என்றார். இரண்டு பேர் வெளிநாடு போய்விட்டார்கள், உறவினரிடம் சேர்ந்தது. குருநகர் அக்காவுக்கு 1,285 ரூபா கொடுத்தார்கள், சில்லறை இல்லையென்று. அவர் கொப்பியைத் திறந்து மூன்று கேள்விக்குறிக்குக் கீழே எழுதிக்கொண்டார். 2 ரூபா 81 சதம் கூட என்றும் எழுதினார்.

கனடாவில் இருப்பவரோடும் கதைத்தேன். அவரைப் பிடிக்க அல்ல, அந்த மூன்று வரி எப்படி வந்தது என்று அறிய. உடனே நினைவுக்கு வந்தது அவருக்கு. “அப்ப உங்களிட்டை எப்ப கறன்ட் போகும் எண்டு தெரியாது. எனக்கு இஞ்சை விடியப்புறம். கீழ்த்துண்டை வடிவாப் பிரிச்சு எழுதினனான். பேந்துதான் லூப்புக்குள்ளையும் வரும் எண்டு ஓடி வெளிச்சுது. சும்மா ஒரு கோட்டூவைப் போட்டு விட்டுட்டு, கழிக்கிற வரியை நாளைக்குப் போடுவம் எண்டு நினைச்சனான்.” அடுத்த நாள் தொடர்பு கிடைக்கவில்லையாம். அதற்கடுத்த நாள் வேறு வேலை. எனக்குக் கறன்ட் பிரச்சினையும் இல்லை, விடியப்புறமும் இல்லை. பட்டப்பகலில் விசிறிக்குக் கீழே இருந்து பிரதி எடுத்தவன்.

2023இன் இரண்டாம் பாதியில் மத்திய வங்கி வீதங்களை மேலும் மூன்று தடவை குறைத்தது. அந்த நிலையமும் வருட முடிவுக்குள் ஒருமுறை குறைத்தது. இம்முறை தம்பி தனியே போனான். வீத அட்டவணையில் பழைய வரிக்கு முடிவுத் திகதி போட்டு, புதிய வரி ஒன்று சேர்த்து, யூன் மாதத்துக்குப் பிறகு பகுதியாகக் கட்டிய சீட்டுகளைத் தேடிப் பிடித்து அடித்துப் பார்த்திருக்கிறான். பிளேன்ரீ வந்து ஆறுவதற்குள் முடிந்ததாகச் சொன்னான்.

ஏல அறிவித்தல் அச்சிடும் பகுதியில் இன்னும் ஆறு கோட்டூ இருக்கின்றன. ஐந்து கீழ்நோக்கிப் போகின்றன. ஆறாவது மேலே போகிறது, எக்ஸ்2 என்ற லேபலுக்கு. அந்த லேபலில் எது உண்மை என்று தம்பி ஒரு தாளில் எழுதத் தொடங்கியிருக்கிறான், இன்னும் முடிக்கவில்லை.